இரண்டு தடவை வடித்த அவரைக்காய்

என் எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். கல்யாணப் பத்திரிகையில் சொந்தக்காரர் பெயர் எழுதியதைத் தவிர வேறு எதையும் எழுதிப் பழக்கமில்லை. ஞாபகமும் முன்போல இல்லை. பின்னால் நடந்தது முன்னால் வந்து நிற்கும். ஆஸ்பத்திரியில் சாப்பாட்டுக்கு யோசனை சொல்கிற அம்மா ஒருவர் இருக்கிறார். நாங்கள் டயட் மேடம் என்போம். அவர்தான், "உங்களுக்கு நடந்ததை எழுதிக் கொடுங்கம்மா, சர்க்கரைக்குக் காட்ட வர்றவங்களுக்கு நான் வாசிச்சுக் காட்டுறேன்" என்றார். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் திறக்க வராது. எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லையே என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கன்னிவாடிக்குப் பக்கம். வீட்டில் நானும் என் கொழுந்தன் பெண்சாதி பொன்னுத்தாயும் மட்டும்தான். எங்கள் வீட்டுக்காரர்கள் இருவருமே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எனக்கு ஒரே மகன், பாண்டி. வேடசந்தூரில் நூல் மில்லில் வேலை, குடும்பத்தோடு அங்கேயே இருக்கிறான். பொன்னுவுக்குப் பிள்ளை இல்லை. நான் மூத்தவள், அதனால் அக்கா என்பாள். ஆனால் வீட்டில் அதட்டுகிறவள் அவள், அடங்குகிறவள் நான்.

எங்கள் பக்கத்தில் ஒரே கூரைக்குக் கீழே இரண்டு உலை கொதித்தால் பாகம் பிரிந்துவிட்டார்கள் என்று அர்த்தம். மறுநாளே வாசலுக்கு ஆள் வந்துவிடும். "மூத்தவளும் இளையவளும் தனித்தனியா ஆக்குறீகளாம்ல, என்ன சண்டை?" என்று கேட்பார்கள். ஆம்பளைகள் இருந்த காலத்திலேயே எங்கள் வீட்டில் ஒரே உலைதான். அவர்கள் போன பிறகு பிரிவோமா? ஒரே சட்டி, ஒரே குழம்பு. அதில் ஒரு குறையும் இருந்ததில்லை.

எனக்குச் சர்க்கரை வந்து பல வருஷம் ஆகிறது. பிரஷருக்கும் ஒரு மாத்திரை உண்டு, நீர் பிரிகிற மாத்திரை. உடம்பும் பெருத்த உடம்பு. டவுன் பஸ்ஸில் கண்டக்டர் தம்பி, "ரெண்டு பேரு எடத்துல உக்காந்துக்கிட்டு ஒரு டிக்கெட்டு கேக்குறீகளே பெரியம்மா" என்பான். எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். ஆனால் அடுத்த நாள் அந்தப் பஸ் வந்தால் விட்டுவிட்டுப் பின்னால் வருகிற பஸ்ஸில் போவேன்.

பொன்னுவுக்குப் போன வருஷம் கிட்னி கெட்டுவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். இன்னும் இயந்திரத்தில் போட்டு இரத்தம் சுத்தம் செய்கிற அளவுக்குப் போகவில்லை, சாப்பாட்டில் கவனமாக இருந்தால் தள்ளிப்போடலாம் என்றார்கள். கிட்னி சரியாக வேலை செய்யாவிட்டால் பொட்டாசியம் என்ற உப்பு வெளியே போகாமல் இரத்தத்தில் தேங்கிவிடுமாம். தேங்கினால் நெஞ்சுத் துடிப்பே நின்றுபோகும் என்றார்கள். அதனால் அவளுக்கு இளநீர் ஆகாது, வாழைப்பழம் ஆகாது, கீரையும் தக்காளியும் கொஞ்சம்தான். காயைப் பொடியாக நறுக்கி, ஊறவைத்து, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் தாளிக்க வேண்டும். ஒரு தடவை வடி என்றால் இரண்டு தடவை வடிக்கிறவள் பொன்னு. அவரைக்காய் வெள்ளைத் துணி மாதிரி ஆகிவிடும்.

அவள் அதைச் சப்பென்று தின்றுகொண்டிருக்கும்போது நான் எதிரே உட்கார்ந்து முருங்கைக்கீரையைப் பொரித்துப் போட்டுக்கொள்ள எனக்கு மனசு வருமா? நானும் அதையே தின்றேன். இளநீரைத் தொடவில்லை, கொய்யாப்பழத்தை அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன். பொன்னுவும், "டாக்டரு சொன்னது நல்லதுக்குத்தானக்கா, உனக்கும் சக்கரை கொறையும்" என்றாள். இருவரும் ஒரே ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், அவளுக்கு நல்லது எனக்குக் கெடுதலாகவா இருக்கும் என்று நானும் நினைத்தேன். என் சர்க்கரையைக் காட்டிப் பல மாதம் ஆகியிருந்தது. பொன்னுவைக் காட்டப் போவேன், என் மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிக்கொள்வேன், அவ்வளவுதான்.

சோற்றுக்குத் தொட்டுக்கொள்கிற வெஞ்சனத்தில் ருசி இல்லை என்றால் என்ன நடக்கும்? சோறு கூடுதலாக உள்ளே போகும். எனக்கு அதுதான் நடந்தது. ஆனால் உடம்பு மட்டும் இளைத்துக்கொண்டே வந்தது. ஜாக்கெட்டைப் பிடித்துத் தைத்தேன். திரும்பவும் தொளதொளவென்று ஆனது. பூ விற்க வருகிறவள், "என்ன பெரியம்மா, பாதியாயிட்டீக! கொமரி மாதிரி இருக்கீக" என்றாள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது. கண்டக்டர் தம்பியின் பஸ்ஸிலேயே தைரியமாக ஏறினேன்.

அப்புறம் ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. தாகம் அடங்கவில்லை. அடிக்கடி ஒன்றுக்குப் போக வேண்டியிருந்தது. கெண்டைக்கால் சுருட்டிப் பிடித்தது. பொன்னு வேப்பெண்ணெய் போட்டு நீவி விடுவாள். வயிறு கல் மாதிரி இருந்தது. சில நேரம் நெஞ்சு ஒரு துடிப்பை விழுங்கிவிட்டு அடுத்ததைத் துடிப்பதுபோல இருக்கும். இதையெல்லாம் போய் யாரிடம் சொல்வது என்று இருந்துவிட்டேன்.

ஒரு நாள் பொன்னுவைக் காட்டத் திண்டுக்கல்லுக்குப் போனோம். பஸ்ஸிலிருந்து இறங்க எழுந்தேன், கால் வரவில்லை. வலி இல்லை, மரத்தும் போகவில்லை. தூக்கச் சொன்னால் தூக்கமாட்டேன் என்கிறது. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பின்னால் ஆள் நெருக்குகிறது.

"என்னக்கா, எந்திரி."

"கால் வரலடி."

"வெளையாடாத, எல்லாரும் பாக்குறாக."

பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டாள். நாலு பேர் என்னைத் தூக்கி ஆட்டோவில் வைத்தார்கள். அதில் ஒருவன் அந்தக் கண்டக்டர் தம்பி. அன்றைக்கு அவன் கேலி பேசவில்லை. "ஒண்ணும் ஆகாது பெரியம்மா, போயிட்டு வாங்க" என்று என் செருப்பை எடுத்து மடியில் வைத்தான். பொன்னுவைக் காட்டப் போய் நான் படுத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் முதலில் எடை பார்த்தார்கள். எனக்கு எடை மெஷின் என்றாலே கூச்சம். இரண்டு நர்ஸ்கள் பிடித்து நிறுத்தினார்கள். டாக்டர் சின்ன வயசுப் பெண். பழைய சீட்டையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"இவ்வளவு எடை குறைஞ்சிருக்கே, எதாவது முயற்சி பண்ணினீங்களா?"

பொன்னு பெருமையாக, "தானா எளைச்சுச்சு டாக்டர்" என்றாள்.

"தானா இளைச்சாத்தான் பயப்படணும்" என்றார் டாக்டர்.

அவர் பிறகு விளக்கியதை எனக்கு விளங்கின மாதிரி எழுதுகிறேன். பெருத்த உடம்புக்காரர்கள் நடந்து, சோற்றைக் குறைத்து, மெதுவாக இளைத்தால் சர்க்கரைக்கு நல்லது. ஆனால் சர்க்கரை அளவு ஏறிக் கிடந்தால் சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. உடம்பு பசித்துப்போய்த் தன் சதையையே தின்ன ஆரம்பித்துவிடும். என் உடம்பில் கரைந்தது கொழுப்பு மட்டும் இல்லை, சதையும்தான். கூடுதல் சர்க்கரை நீரோடு வெளியே போகும்போது இரத்தத்தில் இருக்கிற உப்புகளையும் இழுத்துக்கொண்டு போகும். பிரஷர் மாத்திரையும் அதற்குத் துணை போயிருக்கிறது.

"உப்பு கூட்டிப் போட்டுச் சாப்புட்டா சரியாயிருமா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. "குழம்புல போடுற உப்பு வேறம்மா. இது பொட்டாசியம். சதையும் இருதயமும் வேலை செய்ய இது வேணும். மூணரைக்கு மேல இருக்கணும், உங்களுக்கு ரெண்டரைக்கும் கீழ போயிருச்சு. அதான் கால் தூக்க முடியல."

பொன்னுவுக்கு அது தேங்கிவிடக்கூடாது என்று பயம், எனக்கு அது இல்லாமல் போய்விட்டதே என்று பயம். ஒரே உப்பு. அப்போதே எனக்குப் பொறி தட்டியது, மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் பொன்னு பக்கத்தில் நின்றாள். "என்ன சாப்பிடுறீங்க?" என்று டாக்டர் கேட்டபோது, "எல்லாரும் திங்கிறதுதான்" என்றேன். என் பேச்சைக் கேட்டுப் பொன்னு தன்னால்தான் இப்படி ஆனது என்று நினைத்துவிட்டால் அவள் மனசு தாங்காது. நான் போய்விட்டால் அவளுக்கு வேறு யாரும் இல்லை. அந்த நினைப்போடு அவள் அந்த வீட்டில் தனியாக இருக்க வேண்டி வந்தால் என்ன செய்வாள்?

நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் படம் எடுத்தார்கள். அதற்கு மேல்துணியை விலக்க வேண்டும். நான் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். நர்ஸ் பெண் திரையை இழுத்துவிட்டு, "நான் மட்டும்தான் இருக்கேன்மா, என் துப்பட்டாவப் போத்திக்கங்க" என்று தன் துப்பட்டாவை எடுத்து என்மேல் போட்டது. பெயர் கேட்க மறந்துவிட்டேன். அந்தப் பெண் நன்றாக இருக்க வேண்டும்.

சர்க்கரை அத்தனை ஏறியிருந்தும் உடனே இன்சுலின் போடவில்லை. இன்சுலின் போட்டால் இருக்கிற கொஞ்சம் பொட்டாசியமும் இரத்தத்தை விட்டு உள்ளே போய்விடுமாம். அதனால் முதலில் பொட்டாசியம் கலந்த பாட்டில் ஏற்றினார்கள். கை முழுக்க மிளகாய் அரைத்த மாதிரி எரிந்தது. அதை வேகமாக ஏற்றவும் கூடாதாம். மெதுவாகச் சொட்டும், மெதுவாக எரியும். குடிக்கவும் ஒரு மருந்து கொடுத்தார்கள். கசப்பும் கரிப்புமாக, வாயில் வைக்க முடியாது. நர்ஸ் பெண் தண்ணீர் நிறையக் கலந்து, "ஒரே மடக்கு, கண்ண மூடிக்கங்க" என்று குடிக்க வைத்தது.

பாண்டி மில்லுக்கு லீவு போட்டுவிட்டு வந்து வெளியே நாற்காலியிலேயே கிடந்தான். பில் விஷயம் எதையும் என் காதுக்கு வர விடவில்லை. நான் கேட்டால், "ஒனக்கு எதுக்கும்மா அது? கை எரியுதா, அத மட்டும் சொல்லு" என்பான். பொன்னு திண்டுக்கல்லிலேயே நாகல் நகரில் பாண்டியின் மாமனார் வீட்டில் தங்கி, ஆக்கி எடுத்துக்கொண்டு ஆட்டோவில் வருவாள். ஆஸ்பத்திரிச் சாப்பாட்டை அக்கா தின்னமாட்டா என்று அவளே முடிவு செய்துவிட்டாள். அவளுக்கே கால் வீங்கும். படி ஏறி வந்து மூச்சு வாங்க நிற்பாள். உட்காரச் சொன்னால், "நீ முதல்ல தின்னு" என்பாள்.

பாட்டில் மாற்றி மாற்றி ஏற்றியும் பொட்டாசியம் ஏறவில்லை. கொஞ்சம் ஏறும், மறுபடி இரத்தம் எடுத்துப் பார்த்தால் இறங்கியிருக்கும். பக்கத்தில் இருந்த மெஷின் திடீர் திடீரென்று கத்தும். டாக்டர் பாண்டியை வெளியே கூப்பிட்டுப் பேசினார். இருதயத் துடிப்பு தவறுகிறது, இப்படியே இருந்தால் மதுரைக்கு அனுப்ப வேண்டி வரும், எதற்கும் மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்று சொன்னாராம். அவன் என்னிடம் சொல்லவில்லை. உள்ளே வந்து என் காலைப் பிடித்துவிட்டான். சின்னப் பிள்ளையில்கூட அவன் என் காலைத் தொட்டதில்லை. அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

அன்று மத்தியானம் டயட் மேடம் ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அந்த நேரம் பொன்னுவும் கேரியரோடு வந்தாள். மேடம் மூடியைத் திறந்து பார்த்தார்.

"இது என்ன காய்ங்கம்மா?"

"அவரைக்கா மேடம்."

"அவரைக்காயா? இவ்வளவு வெளுத்திருக்கு?"

"ரெண்டு தடவ வடிச்சுட்டேன் மேடம். நீங்கதான எனக்குச் சொல்லிக் குடுத்தீக? காயப் பொடியா நறுக்கு, ஊறப்போடு, வேகவச்சுத் தண்ணியக் கொட்டுன்னு. ஒரு பொட்டுச் சத்து அதுல இருக்காது. நீங்க வேணா பாருங்க!"

மேடம் பொன்னுவையே பார்த்தார். "அது உங்களுக்குச் சொன்னதும்மா. இவங்களும் இதையா சாப்பிடுறாங்க?"

"ஒரு வீட்டுல ரெண்டா ஆக்குவாக?"

"எத்தனை மாசமா?"

"எனக்குச் சொன்ன நாளுல இருந்து."

மேடம் கேரியரை மூடினார். என்னிடம் குனிந்து, "நீங்க ஏம்மா சொல்லல?" என்றார். நான் பொன்னு பக்கம் பார்த்தேன். அவரும் பார்த்தார். உடனே டாக்டரைத் தேடிப் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் டாக்டரே வந்தார். திரும்ப இரத்தம் எடுத்தார்கள். மெக்னீசியம் என்று இன்னொரு உப்பு உண்டாம். கீரையிலும் பயறிலும் கேழ்வரகிலும் கடலையிலும் இருக்குமாம். சர்க்கரைக்காரர்களுக்கு அதுவும் நீரோடு போய்விடும். அது குறைந்து கிடந்தால் பொட்டாசியத்தை எவ்வளவு ஊற்றினாலும் உடம்பு பிடித்து வைத்துக்கொள்ளாது, ஓட்டைக் குடத்தில் ஊற்றுகிற கதைதான். எனக்கு அது தரைமட்டத்தில் இருந்தது. அதற்கும் ஒரு பாட்டில் ஏற்றினார்கள். அது ஏறும்போது எரியவில்லை. வெயிலில் காய்ந்த போர்வையைப் போர்த்திய மாதிரி உடம்பெல்லாம் வெதுவெதுவென்று இருந்தது. மறுநாள் பார்த்தபோது பொட்டாசியம் ஏறியிருந்தது. அதன் பிறகும் பார்த்தார்கள், இறங்கவில்லை. அப்புறம்தான் இன்சுலின் ஆரம்பித்தார்கள். மெஷின் கத்துவதை நிறுத்தியது. பாண்டி கீழே போய் டீயும் வடையும் சாப்பிட்டுவிட்டு வந்தான். வாயைத் துடைத்துக்கொண்டு வந்ததைப் பார்த்தபோதுதான் அவன் இத்தனை நாள் எதுவும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்பது எனக்கு உறைத்தது.

பொன்னு மட்டும் என்னோடு பேசவில்லை. கட்டிலுக்குக் கீழே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"பொன்னு, இங்க வாடி."

"நான் ஒன்னயக் கொல்லப் பாத்திருக்கேன்."

"கிறுக்கி மாதிரிப் பேசாத. நீயா வாயில ஊட்டுன? நான்தான தின்னேன்."

"இனிமே நீ தனியா ஆக்கிக்க. என் சட்டி வேற, உன் சட்டி வேற. ஊரு என்னமும் பேசிட்டுப் போகுது."

கால் வராமல் பஸ் படியில் உட்கார்ந்தபோது நான் அழவில்லை. கை எரிந்தபோது அழவில்லை. இதைக் கேட்டு அழுதுவிட்டேன். பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்குமே என்ற கூச்சம்கூட வரவில்லை. அவளும் அழுதாள். அந்த நேரத்தில் டயட் மேடம் வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தார்.

"எதுக்கும்மா ரெண்டு சட்டி? காயை நல்லாக் கழுவி நறுக்குங்க. ஒரே சட்டில வேகவைங்க. வடிகட்டுங்க. காய் தங்கச்சிக்கு. இந்தம்மாவுக்குக் கொறைஞ்சதெல்லாம் எங்க இருக்குன்னு நினைக்கிறீங்க? நீங்க கீழ ஊத்துற தண்ணியிலதான். அதுல மிளகு சீரகம் தட்டிப் போட்டு இவங்களுக்குக் குடுங்க."

பொன்னு கண்ணைத் துடைத்தாள். "நான் அத இத்தன நாளு கறிவேப்பிலச் செடிக்குல்ல ஊத்துனேன்?"

"செடி எப்படி இருக்கு?"

"மொகடு முட்டுது மேடம்."

வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன். வயிறு குலுங்கச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

அதோடு நிறுத்தாமல் மேடம் எனக்கு மட்டும் சிலது சொன்னார். என் கிட்னி நன்றாக இருக்கிறது என்று பார்த்துவிட்டதால்தான் இந்தத் தண்ணீர் எனக்கு ஆகும். நாளைக்கு அது மாறினால் இதுவும் மாறும், அதனால் என்னையும் ஒழுங்காக இரத்தம் பார்க்க வரச் சொன்னார். சோற்றைக் குறைத்துச் சுண்டலும் கேழ்வரகும் சேர்க்கச் சொன்னார். எடையை மாதம் ஒரு தடவை பார்த்து, திடீரென்று இறங்கினால் ஓடி வரச் சொன்னார். பிரஷர் மாத்திரையை டாக்டர் மாற்றிக் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தபிறகு கால் மெல்ல மெல்லத் தெம்பானது. எடை கொஞ்சம் ஏறியிருக்கிறது. பூக்காரி, "திரும்ப ஊதிட்டீக பெரியம்மா" என்றாள். "இருக்கட்டும்" என்றேன். இப்போது கொய்யாப்பழம் தின்னும்போது பொன்னு பார்க்கக்கூடாதே என்று நான் திரும்பி உட்கார்ந்தால், "ஏங்க்கா முதுகக் காட்டுற? நான் என்ன பிடுங்கியா திங்கப் போறேன்? இங்கிட்டுத் திரும்பித் தின்னு" என்று அதட்டுகிறாள். அடுப்பில் ஒரே சட்டிதான் இருக்கிறது. வாசலுக்கு யாரும் விசாரிக்க வரவில்லை.

டாக்டருக்கும், துப்பட்டா கொடுத்த பெண்ணுக்கும், செருப்பை எடுத்துத் தந்த தம்பிக்கும், பொன்னுவுக்கும் நான் என்ன சொல்லித் தீர்ப்பது? இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவள் காய் வடித்த தண்ணீர் டம்ளரோடு வந்து பக்கத்தில் நிற்கிறாள், ஆறிப்போவதற்குள் குடிக்கணுமாம்.

மேடம், வாசிப்பதற்கு முன்னால் ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள். உப்புகளின் பெயரைச் சரியாக எழுதினேனா தெரியவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் என்பதும் மறந்துவிட்டது. எனக்கு ஒன்று என்று ஞாபகம், பொன்னு இரண்டு என்று அடித்துப் பேசுகிறாள். அதைவிட முக்கியமானது இன்னொன்று. கேட்கிறவர்களில் கிட்னி கெட்டவர்கள் இருந்தால், இந்தத் தண்ணீர் அவர்களுக்கு ஆகாது என்று முதலில் சொல்லிவிட்டு அப்புறம் வாசியுங்கள். பொன்னுவுக்குச் சொன்னதை நான் எடுத்துக்கொண்டு படுத்தேன். எனக்குச் சொன்னதை எடுத்துக்கொண்டு இன்னொருத்தி படுத்துவிடக்கூடாது.